காரைக்குடி கறிக்கடை ரிவ்யூ: ஆட்டு அட்ரீனல் வாங்கி செல் வளக்கிறவங்களுக்காக

இந்தக் கடையில கறி வாங்குறவங்க ஊருக்குள்ள நெறைய பேர் இருக்காங்க, உப்புக்கறிக்கு நெஞ்செலும்பு சேத்துப் போடச் சொன்னா எப்படிப் போடுவாருன்னு அவங்களே சொல்லுவாங்க, நான் எழுதப் போறது வேற ஒண்ணைப் பத்தி. ஒன்றரை வருஷமா வாரம் ஒரு தடவை விடியக்காலை நாலரை மணிக்கு ஐஸ் டப்பாவைத் தூக்கிட்டு அந்தக் கடை வாசல்ல போய் நிக்கிறேன், நான் வாங்குறது ஆட்டோட அட்ரீனல் சுரப்பி. பிஎச்டி பண்றேன். அந்தச் சுரப்பியில இருந்து செல்லைப் பிரிச்சு லேப்ல தட்டுல வளத்து, அது மேல ஹார்மோன் ஊத்தினா செல் என்ன பண்ணுதுன்னு பாக்குறதுதான் என் வேலை. கடை பேரை எழுத வேணாம்னு கடைக்கார அண்ணன் சொல்லிட்டாரு, செஞ்சைப் பக்கம்னு மட்டும் சொல்றேன், காரைக்குடிக்காரங்களுக்கு அது போதும்.

இதை ஏன் எழுதுறேன்னா, இந்தப் பக்கம் மதுரை திருச்சி புதுக்கோட்டைன்னு லேப்ல இருக்க பிள்ளைங்க யாராவது இதே வேலையை ஆரம்பிச்சா என்னை மாதிரி நாலு மாசம் வீணாக்க வேணாம். எனக்கு அந்த நாலு மாசம் போனது புரோட்டோகால் தப்பால இல்ல, கடை தப்பால. அதை அப்பறம் சொல்றேன்.

முதல்ல சுரப்பி எதுன்னு சொல்லிடுறேன். குண்டிக்காய் எல்லாருக்கும் தெரியும், அதைச் சுத்தி வெள்ளையா கெட்டிக் கொழுப்பு இருக்கும்ல, அந்தக் கொழுப்புக்குள்ள மொச்சைக்கொட்டை மாதிரி ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. மனுஷனுக்கு கிட்னி தலைல தொப்பி போட்டாப்ல உக்காந்திருக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், ஆட்டுக்கு அப்படி இல்ல, இடது பக்கத்துது கிட்னியை விட்டு கொஞ்சம் தள்ளி பெரிய ரத்தக்குழாய் பக்கம் இருக்கும், அதனால குண்டிக்காயை மட்டும் பிச்சு எடுத்தா இடதுபக்கச் சுரப்பி ஆட்டோடயே தங்கிடும். நறுக்கிப் பாத்தா வெளிப்பக்கம் மஞ்சளும் காவியுமா ஒரு பட்டை, அது கார்ட்டெக்ஸ். நடுவுல கருஞ்சிவப்பா கொழகொழன்னு இருக்கிறது மெடுல்லா.

ரெண்டும் ஒரே சுரப்பிக்குள்ள இருந்தாலும் ரெண்டும் வேற வேற குடும்பம். எங்க வீட்டு ஓனர் ஆச்சிக்கு நான் இதைச் சொன்ன விதத்தையே இங்கயும் சொல்றேன். கார்ட்டெக்ஸ் வெள்ளைப் பணியாரம் ஊத்துற வீடு மாதிரி, மாவு மட்டும் கரைச்சு வச்சிருக்கும், ஆள் வந்து கேட்டாதான் சட்டியில ஊத்திக் குடுக்கும், சுட்டு அடுக்கி வைக்காது. மாவுன்னா கொலஸ்ட்ரால், செல்லுக்குள்ள சின்னச் சின்னக் கொழுப்புத் துளியா சேத்து வச்சிருக்கும், அதை வச்சு அது செய்யிற கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் ரெடிமேடா ஸ்டாக் இருக்கவே இருக்காது. மெடுல்லா அப்படி இல்ல, சீப்புச்சீடையைச் சுட்டு டின்ல போட்டு வச்ச மாதிரி அட்ரினலினை குட்டிக் குட்டிப் பைல அடைச்சு வச்சிருக்கும், நரம்பு வந்து தட்டுச்சுன்னா மூடியைத் திறந்து கொட்டிடும். ஆச்சி கேட்டுட்டு அப்ப ரெண்டு பேரும் ஒரே வளவுல குடியிருக்காகளான்னு கேட்டாங்க. ஆமா ஆச்சி, ஒரே வளவுதான்.

இந்தச் சுரப்பியோட கதை முழுக்கவே கசாப்புக் கடையோட கதைதான், இதைச் சொல்லாம கடையைப் பத்தி எழுத எனக்கு மனசு வரல. 1928ல ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிங்கற விஞ்ஞானி மாட்டு அட்ரீனல்ல இருந்து ஒரு பொருளைப் பிரிச்சாரு, அப்பறம் அமெரிக்காவுல மயோ கிளினிக்குக்குப் போயி கசாப்புக் கூடங்கள்ல இருந்து வந்த சுரப்பியை வச்சு இன்னும் கொஞ்சம் எடுத்தாரு, அதுதான் வைட்டமின் சின்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. சொந்த நாடு ஹங்கேரிக்குத் திரும்பின பிறகு அதே வைட்டமினை அங்க விளையிற ஒரு மிளகாய் ஜாதியில கிலோக்கணக்குல எடுத்தாரு, 1937ல நோபல் பரிசு. செட்டிநாட்டு ஆளுக்கு மிளகாயோட அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா அந்த ஆராய்ச்சியோட ஆரம்பம் அட்ரீனல்லன்னு நெறைய பேருக்குத் தெரியாது. கார்ட்டிசோன்ங்கற அட்ரீனல் ஹார்மோனைக் கண்டுபிடிச்ச கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் மூட்டை மூட்டையா மாட்டுச் சுரப்பிதான் போச்சு, அவங்களுக்கும் ஹென்ச்சுக்கும் 1950ல நோபல். ஆல்டோஸ்டிரோன்னு உப்பைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோன், 1953ல சிம்ப்சனும் டேய்ட்டும் ரைக்ஸ்டைன் குழுவும் சேந்து பிரிச்சது, அதுல சுமார் 20 மில்லிகிராம் கிடைக்க 500 கிலோ மாட்டு அட்ரீனலைப் போட்டு அரைச்சிருக்காங்க. எத்தனை கசாப்புக்காரங்க எத்தனை விடியக்காலை எடுத்து வச்சிருப்பாங்க, ஒருத்தர் பேரும் எங்கயும் இல்ல. இந்த ரிவ்யூ எழுதணும்னு தோணினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்ப அந்த நாலு மாசம். ஆரம்பத்துல லேபுக்குப் பக்கத்துலயே வேற ஒரு கடையில வாங்கிட்டு இருந்தேன், எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், அவங்க கறி நல்ல கறிதான். எட்டு மணிக்குப் போவேன், அதுக்குள்ள ஆடு தொங்கி ரெண்டு மூணு மணி நேரம் ஆயிருக்கும், குண்டிக்காயை கொழுப்போட ஒரு பாலிதீன் கவர்ல போட்டு தண்ணி ஊத்திக் குடுப்பாங்க, கழுவிக் குடுத்தா சுத்தம்னு அவங்க நினைப்பு. பச்சைத் தண்ணி செல்லுக்குள்ள புகுந்து ஊத வச்சு வெடிக்க விட்டுடும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், நானும் சொல்லல, எனக்கே அப்ப உறைக்கல. லேபுக்குக் கொண்டாந்து நறுக்கினா நடுவுல மெடுல்லா இருக்க வேண்டிய இடத்துல கருப்பா கஞ்சி மாதிரி ஒழுகும். செல்லைப் பிரிச்சு டிரைபான் ப்ளூ போட்டுப் பாத்தா, உயிரோட இருக்க செல் சாயத்தை உள்ள விடாது, செத்தது நீலமாயிடும், என் ஸ்லைடுல பாதிக்கு மேல நீலம். மிச்சம் இருந்ததும் தட்டுல ஒட்டும், ஹார்மோன் ஊத்தினா கம்முன்னு கெடக்கும். கார்ட்டெக்ஸை வேலை செய்யச் சொல்ற ஹார்மோன் ஏசிடிஹெச், நான் அதுதான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு மறுபடி வாங்கினேன், செல்லுக்குத் தீனியா ஊத்துற சீரம் மாத்தினேன், திசுவை இளக்குற என்சைம் கொலாஜினேஸை மாத்தினேன், கைடு முகம் சுருங்கிட்டே வந்துச்சு.

பின்னாடி ஒரு நாள் பழைய உடற்கூறு வரலாறு படிக்கும்போதுதான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. 1611ல காஸ்பர் பார்த்தலின்னு ஒருத்தர் இந்தச் சுரப்பியை அறுத்துப் பாத்து உள்ள பொந்தா இருக்கு, கருப்புச் சாறு இருக்கு, இது கரும்பித்தம் தேக்கி வைக்கிற பைன்னு எழுதியிருக்காரு. அந்தக் காலத்துல அவங்க கைக்கு பிணம் வந்து சேரும்போதே மெடுல்லா தானா கரைஞ்சு போயிருக்கும், உடம்புல சீக்கிரம் கெட்டுப் போற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அவரு பாத்த அதே கருப்புக் கஞ்சியைத்தான் நானும் பாத்துட்டு இருந்திருக்கேன். அப்பதான் புரிஞ்சுச்சு, சிக்கல் லேப்ல இல்ல, ஆடு விழுந்ததுல இருந்து ஐஸுக்குள்ள சுரப்பி போறவரைக்கும் உள்ள நேரத்துல இருக்குன்னு.

அப்பறம்தான் தோழி ஒருத்தி இந்தக் கடையைச் சொன்னா. முதல் நாள் போயி நின்னப்ப அண்ணன் குண்டிக்காய்தானேத்தா வேணும், எட்டு மணிக்கு வா, எடுத்து வைக்கிறேன்னாரு. இல்லண்ணே, ஆடு விழுந்த பத்து நிமிஷத்துல வேணும், அதுவும் குண்டிக்காய் இல்ல, அதுக்கு மேல கொழுப்புக்குள்ள இருக்க மொச்சைக்கொட்டைன்னேன். கத்தியை வச்சுட்டு என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. முப்பது வருஷமா ஆடு அறுக்குறேன், அதைக் கொழுப்போட சேத்து தூரப் போட்டுட்டு இருக்கேன், அதுல என்ன இருக்குன்னு கேட்டாரு. நான் ஃபோன்ல படம் காட்டினேன், ஆடு பயந்தா ஓடுதே அதுக்கு மருந்து இதுக்குள்ளதான் இருக்குன்னேன். சரி நில்லுன்னுட்டு உள்ள போனாரு.

அவரு எடுக்குற விதத்தை ஒரு தடவையாவது பக்கத்துல நின்னு பாக்கணும். குடலை எடுத்த உடனே, உள்ள இன்னும் ஆவி வந்துட்டு இருக்கும், இடது கையால முதுகுப் பக்கக் கொழுப்பை விரல் நுனியால தடவிட்டே போவாரு, கண்ணு பாக்காது, விரல்தான் பாக்கும். கொழுப்பு வழவழன்னு விட்டுக் குடுக்கும், சுரப்பி வர்ற இடத்துல கொஞ்சம் கெட்டியா தட்டும், அங்க நிறுத்தி சின்னக் கத்தியால சுத்திக் கொழுப்போடயே ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு எடுத்துடுவாரு. சுரப்பி மேல கத்தி படவே படாது. இதை நான் சொல்லிக் குடுக்கல. ரெண்டாவது வாரமே சொன்னாரு, கொழுப்பை உரிச்சா அது நசுங்குது தங்கச்சி, கொழுப்போடயே கொண்டு போ, உன் ஊர்ல போயி உரிச்சுக்கன்னு. பாடப்புத்தகத்துலயும் அதேதான் போட்டிருக்கு, மேல இருக்க மெல்லிசு உறையில உப்பு ஹார்மோன் சுரக்கிற குளோமெருலோசா செல் ஒட்டிட்டு இருக்கும், உறை கிழிஞ்சா அந்த செல் போச்சு. எடுத்ததை நேரா என் டப்பால இருக்க ஐஸ்ல வச்ச உப்புக் கரைசல் பாட்டில்ல போட்டுடுவாரு, ஆன்டிபயாடிக் கலந்தது, தண்ணிப் பைப் பக்கமே கொண்டு போக மாட்டாரு. ஆடு விழுந்ததுல இருந்து எட்டு நிமிஷம், ஒன்பது நிமிஷம், நான் வாட்ச்ல பாத்துட்டே இருப்பேன்.

இன்னொரு விஷயம், இந்தக் கடைக்கு நான் தர்ற மார்க்குல பாதி இதுக்குத்தான். ஆடு முதல் நாள் சாயங்காலமே வந்துடும், பின்பக்கம் கொட்டகைல நிழல் இருக்கு, தழை இருக்கு, தொட்டியில தண்ணி இருக்கு. ஒரு ஆட்டு கண்ணு முன்னாடி இன்னொண்ணை அறுக்க மாட்டாரு, அது எங்க மார்க்கத்துல சொன்னதுன்னு சொல்லுவாரு. பயந்த ஆட்டுக்கு கறி கெட்டியா போகும்னு கறிக்காரங்களுக்குத் தெரியும். எனக்கு அதுல கூடுதலா ஒரு லாபம் இருக்கு, பயந்து ஓடி அலஞ்ச ஆட்டோட சுரப்பி ராத்திரி முழுக்க ஏசிடிஹெச் வாங்கி வாங்கி பணியாரம் ஊத்தியே களைச்சுப் போயிருக்கும், அமைதியா படுத்திருந்த ஆட்டு செல்தான் நான் கேக்குற கேள்விக்கு தெளிவா பதில் சொல்லும்.

லேப் பக்கம் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா கடையோட அருமை புரியாது. ஆறரை மணிக்குள்ள லேப்ல இருப்பேன். கொழுப்பை உரிச்சு, ரெண்டா பிளந்து, நடு மெடுல்லாவைச் சுரண்டி தனியா வச்சுட்டு, கார்ட்டெக்ஸை பொடிப் பொடியா நறுக்கி கொலாஜினேஸ்ல 37 டிகிரியில போட்டா ஒரு மணி நேரத்துல திசு இளகி செல் தனித்தனியா வரும். வடிகட்டி, எண்ணி, தட்டுல போட்டு ரெண்டு நாள் விட்டுடணும், அது ஒட்டி உக்காரட்டும். அதுக்கப்பறம் சீரம் இல்லாத மீடியம் மாத்தணும், ஏன்னா கன்னுக்குட்டி சீரத்துலயே கார்ட்டிசாலும் வளர்ச்சிக் காரணிகளும் கெடக்கும், அதை வச்சுட்டு ஹார்மோன் சோதனை பண்றது உப்புப் போட்ட சோத்துல உப்பு எவ்வளவுன்னு தேடுற மாதிரி.

இந்தக் கடை சுரப்பியில முதல் தடவை வளத்த செல்லுக்கு ஏசிடிஹெச் ஊத்தின நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏசிடிஹெச்ங்கறது மூளைக்கு அடியில பிட்யூட்டரி விடுற 39 அமினோ அமிலம் உள்ள ஹார்மோன், அதுல முதல் 24 இருந்தாலே வேலை நடக்கும், நாங்க வாங்குறது அந்த 24தான். ஊத்துறதுக்கு முன்னாடி செல் எல்லாம் அப்பளம் மாதிரி தட்டையா கை காலை நீட்டிப் படுத்திருந்துச்சு, உள்ள கொழுப்புத் துளி மின்னிட்டு இருந்துச்சு. ஊத்திட்டு மைக்ராஸ்கோப்பை விட்டு எந்திரிக்காம உக்காந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா ஓரத்தை உள்ள இழுத்துச்சு, ஒரு மணி நேரத்துல பாதி செல் உருண்டையா எந்திரிச்சு நின்னுச்சு, நீட்டின கை மட்டும் நூல் மாதிரி தட்டைப் பிடிச்சிட்டு இருந்துச்சு. புத்தகத்துல படிச்சதுதான், ஆனா நாலு மாசம் கம்முன்னு கெடந்த தட்டைப் பாத்தவளுக்கு அது என்னன்னு சொல்றது, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னா, ஏசிடிஹெச் செல் மேல இருக்க தன்னோட ரிசப்டர்ல உக்காரும், உள்ள சைக்ளிக் ஏஎம்பின்னு சேதி கொண்டு போற ஒரு பொருள் ஏறும், அது கைனேஸ்னு ஒரு என்சைமைத் தட்டி எழுப்பும், கொழுப்புத் துளியில இருந்து கொலஸ்ட்ரால் அவுந்து வரும். ஆனா மாவு இருந்தா மட்டும் பத்தாது, சட்டிகிட்ட கொண்டு போற ஆள் வேணும், சட்டிங்கறது மைட்டோகாண்ட்ரியாவோட உள்சவ்வு, கொண்டு போற ஆள் ஸ்டார்னு ஒரு புரோட்டீன், 1994லதான் கிளார்க்கும் ஸ்டாக்கோவும் அதைக் கண்டுபிடிச்சாங்க. ஏசிடிஹெச் வந்த சில நிமிஷத்துல இந்த ஓட்டம் ஆரம்பிச்சிடும், மணிக்கணக்குல போகப் போக ஜீனையே தட்டிவிட்டு என்சைம்களையும் கூட்டும். மறுநாள் மீடியத்தை எடுத்து கார்ட்டிசால் எவ்வளவுன்னு நிறத்தை வச்சு அளக்குற எலைசா சோதனை போட்டோம். இந்த எலைசா தலைகீழ், கார்ட்டிசால் கூடக் கூட நிறம் குறையும், அதனால ஏசிடிஹெச் ஊத்தாம சும்மா விட்ட செல்லோட குழி எல்லாம் நல்ல மஞ்சள், ஏசிடிஹெச் ஊத்தினது வெளிறி கிட்டத்தட்ட தண்ணி மாதிரி. மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடியே கண்ணுல தெரிஞ்சுச்சு. அன்னைக்கு கைடு ஒண்ணும் சொல்லல, எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு.

இன்னும் ஒண்ணு ரெண்டு சங்கதி இதுல என்னை ரொம்ப இழுத்தது. உடம்புக்குள்ள ஏசிடிஹெச் இல்லன்னா இந்தக் கார்ட்டெக்ஸ் சுருங்கிப் போகும், பிட்யூட்டரியை எடுத்துட்ட எலிக்கு அட்ரீனல் வாடிடும். அப்ப தட்டுல ஏசிடிஹெச் ஊத்தினா செல் பெருகணும்ல, பெருகாது, குறைச்சுக்கும், வேலை பாக்குறப்ப பிள்ளை பெத்துக்கிறதில்லன்னு ஒரு கட்டுப்பாடு மாதிரி. பெருக வைக்கிறது எஃப்ஜிஎஃப் மாதிரி வேற வளர்ச்சிக் காரணிகள், மாட்டு செல்லுல ஆஞ்சியோடென்சின்ங்கற ஹார்மோனும் அதைச் செய்யும். உடம்புல ஒரு மாதிரி தட்டுல ஒரு மாதிரின்னா தட்டு பொய் சொல்லுதுன்னு சில பேர் சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். உடம்புல ஏசிடிஹெச் தனியா வர்றதில்ல, ரத்த ஓட்டம் கூடுது, மத்த காரணிகளும் சேந்து வருது, தட்டு என்ன பண்ணுதுன்னா அந்தக் கூட்டத்துல இருந்து ஒருத்தரை மட்டும் தனியா கூப்பிட்டு உக்கார வச்சு விசாரிக்குது.

அடுத்தது, நாள் ஆக ஆக செல் கார்ட்டிசால் செய்யிறதை விட்டுட்டு அதுக்கு முந்தின படியிலயே நின்னுடும். கடைசிப் படியைச் செய்யிற 11 பீட்டா ஹைட்ராக்சிலேஸ்ங்கற என்சைம் தட்டுல இருக்க ஆக்சிஜன்லயே அடிபட்டுப் போகுதுன்னு 1980லயே ஹார்ன்ஸ்பி காட்டியிருக்காரு, ஆக்சிஜனைக் குறைச்சு ஆன்டிஆக்சிடன்ட் குடுத்தா தாங்குது. உடம்புலயே வைட்டமின் சி அதிகமா தேங்கி இருக்க உறுப்புகள்ல அட்ரீனலும் ஒண்ணு, ஏசிடிஹெச் குடுத்தா அந்த வைட்டமின் சி குறையும், 1948ல அதை வச்சுத்தான் ஏசிடிஹெச்சையே அளந்திருக்காங்க. நான் மீடியத்துல அஸ்கார்பிக் ஆசிட், அதாவது வைட்டமின் சி, சேத்ததும் என் செல் இன்னும் சில நாள் கூடுதலா வேலை செஞ்சுச்சு. சென்ட்-ஜியார்ஜி பிரிச்ச அதே பொடி.

உறையோட உரிச்சு எடுத்த குளோமெருலோசா செல்லுக்கு எசமான் வேற, அதுக்கு ஆஞ்சியோடென்சின் 2ம் பொட்டாசியமும். பொட்டாசியத்தைக் கொஞ்சூண்டு கூட்டினாலே ஆல்டோஸ்டிரோன் ஏறும், அவ்வளவு நுணுக்கம். மெடுல்லா செல்லை வளக்கிறது என் கூட இருக்க தங்கச்சியோட வேலை, அதுல ஒரு அழகு இருக்கு. அட்ரினலினோட கடைசிப் படியைச் செய்யிற என்சைமை கூட்டி வைக்கிறது கார்ட்டெக்ஸ்ல இருந்து வழிஞ்சு வர்ற கார்ட்டிசால்தான், பக்கத்து வீட்டுப் பணியாரச் சூடு இல்லன்னா சீடை வேகாது. சின்ன எலியோட மெடுல்லா செல்லுல நரம்பு வளர்ச்சிக் காரணியைப் போட்டா நரம்பு மாதிரி வால் விட ஆரம்பிக்கும், கூடவே கார்ட்டிசால் ஜாதி ஸ்டீராய்டு போட்டா அந்த வால் அடங்கிடும். ஒரே செல், யாரு பக்கத்துல இருக்காங்கறதைப் பொறுத்து நரம்பாகப் பாக்குது, இல்ல சுரப்பியாவே இருக்குது.

லேப்ல தொடர்ந்து பெருகிட்டே இருக்க ரெடிமேட் செல் வம்சம், செல் லைன்னு சொல்றது, அதை வாங்கலாமேன்னு கேப்பீங்க. எச்295ஆர் இருக்கு, நல்ல லைன், 1980ல அமெரிக்காவுல 48 வயசு அம்மா ஒருத்தங்களோட அட்ரீனல் புற்றுக்கட்டியில இருந்து வந்த வம்சம், எல்லா அடுக்கோட ஹார்மோனும் செய்யும், கெமிக்கல் எதுவும் ஹார்மோன் உற்பத்தியைக் கெடுக்குதான்னு பாக்க ஓஇசிடிங்கற பன்னாட்டு அமைப்பு 2011ல போட்ட 456ஆம் வழிமுறையே அதை வச்சுத்தான். ஆனா அதுக்கு ஏசிடிஹெச் சரியா கேக்காது, ரிசப்டர் கம்மி, ஃபோர்ஸ்கோலின்னு ஒரு கெமிக்கல் போட்டு பின்வாசல் வழியா எழுப்பணும். எலியோட ஒய்1ங்கற லைன் ஏசிடிஹெச் கேக்கும், உருண்டையும் ஆகும், ஆனா முழுசா ஹார்மோன் செஞ்சு முடிக்காது. எலி அட்ரீனல்லயே எடுக்கலாம்னா எலியோட ஹார்மோன் கார்ட்டிகோஸ்டிரோன், நமக்கும் ஆட்டுக்கும்தான் கார்ட்டிசால். கறிக்காக எப்படியும் விழற ஆடு, அதுக்குன்னு ஒரு உயிரைக் கொல்ல வேண்டியதில்ல, ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற கமிட்டிக்கு எழுதிக் குடுக்கும்போது எனக்கு மனசுக்கும் அது நிம்மதியா இருந்துச்சு. ஏசிடிஹெச் பத்தித்தான் உங்க கேள்வின்னா ஆட்டுச் சுரப்பிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆச்சி இதெல்லாம் கேட்டுட்டு ஒரு நாள் தன்னோட மாத்திரைப் பட்டையைக் கொண்டு வந்து காட்டினாங்க, மூட்டு வலிக்கு ரொம்ப நாளா ஸ்டீராய்டு போடுறாங்க, வலி இல்லாத வாரம் தானா நிறுத்திடுறாங்களாம். எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. ஆச்சி, வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்துட்டே இருந்தா பிட்யூட்டரி நம்ம வேலை இல்லன்னு ஏசிடிஹெச் விடுறதை நிறுத்திடும், அது வராத சுரப்பி வாடிக் கெடக்கும், நீங்க பட்டுன்னு மாத்திரையை நிறுத்தினா அன்னைக்கே அதால எந்திரிச்சு வேலை செய்ய முடியாது, மயங்கி விழுந்துடுவீங்க, டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமாதான் குறைக்கணும்னு உக்கார வச்சுச் சொன்னேன். மறுநாளே மகனைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனாங்க. இதைப் படிக்கிற உங்க வீட்டுலயும் பெரியவங்க அப்படிப் போட்டுட்டு இருந்தா இதைச் சொல்லிடுங்க.

கடைக்கு வர்றேன், குறையும் சொல்லணும். பில் கிடையாது, எங்க ஆபீஸ்ல பில் இல்லாம ஒரு பைசா பாஸ் ஆகாது, அண்ணன் துண்டுச்சீட்டுல குண்டிக்காய் மேல்கொட்டை 2 ஜோடின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரு, அதை வச்சு போராடிட்டு இருக்கேன். ஃபோன் எடுக்க மாட்டாரு, முதல் நாள் நேர்ல போயி சொல்லிட்டு வரணும். ஞாயித்துக்கிழமை போகவே போகாதீங்க, கூட்டத்துல அவருக்கு நேரமும் இருக்காது, நம்ம கேக்குறதும் நியாயமில்ல. அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி சனிக்கிழமைல ஆடு ஒண்ணு ரெண்டுதான் விழும், காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வடலூர் வள்ளலார் நாளுக்கு கடை லீவு, அதைப் பாத்து எக்ஸ்பெரிமென்ட் தேதி போடுங்க. தை மாசம் கல்யாணம் காதுகுத்துன்னு ஆடு நெறைய விழும், எனக்கு ஒரே நாள்ல ஆறு ஜோடி கிடைச்சிருக்கு. காசு முதல்ல வாங்கவே மாட்டேன்னாரு, தூரப் போடுறதுக்கு என்ன காசுன்னு, நான்தான் வற்புறுத்தி ஜோடிக்கு அம்பது ரூபா குடுக்குறேன், அவரு நேரத்துக்கு அது ரொம்பக் கம்மி. ஐஸ் டப்பா, பாட்டில், கிளவுஸ் எல்லாம் நீங்கதான் கொண்டு போகணும்.

போன மாசம் அவருக்கு ஃபோன்ல செல்லோட படம் காட்டினேன், ஏசிடிஹெச்சுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. கையைத் துடைச்சுட்டு வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. இது செவ்வாக்கெழமை விழுந்த வெள்ளாடான்னு கேட்டாரு, ஆமான்னேன். அந்தாடு திருப்பத்தூர்ப் பக்கம் இருந்து வெயில்ல வந்துச்சு தங்கச்சி, வந்து தண்ணியும் குடிக்கல, அது உன் செல்லுக்குத் தெரியுமான்னு கேட்டாரு. நான் அப்படியே நின்னுட்டேன். தண்ணி இல்லாத உடம்புல ஆஞ்சியோடென்சின் ஏறும், அது குளோமெருலோசாவைத் தட்டும், ஆல்டோஸ்டிரோன் செய்யிற என்சைம் கூடும், ரத்தம் கழுவிப் போனாலும் அந்த என்சைம் செல்லுக்குள்ள கொஞ்ச நாள் இருக்கும், அப்ப என் தட்டுல ஒரு வாரம் ஆல்டோஸ்டிரோன் ஒரு மாதிரியும் இன்னொரு வாரம் வேற மாதிரியும் வந்துட்டு இருந்ததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ஒன்றரை வருஷமா என் நோட்டுல ஆட்டோட வயசு, கிடாவா பெட்டையா, விழுந்த நேரம், ஐஸ்ல வச்ச நேரம் இவ்வளவுதான் இருந்துச்சு. இப்ப எந்த ஊர்ல இருந்து வந்துச்சு, எப்ப வந்துச்சு, தண்ணி குடிச்சுச்சான்னு மூணு கட்டம் கூடப் போட்டிருக்கேன், அண்ணன்தான் சொல்லச் சொல்ல எழுதுறேன்.